புருனெல்லெஸ்கியைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்

மறுமலர்ச்சிக் காலத் தொழிற்சங்கங்கள் கலைஞனுக்குப் பூட்டிய விலங்கு என்றும், அதை உடைத்தவர் பிளாரன்ஸ் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி என்றும் ஒரு கட்டுரையாளர் எழுதுகிறார். சந்தா கட்டவில்லை என்று 1434இல் கல், மரத் தொழிலாளர் சங்கம் அவரைச் சிறையில் தள்ளியது உண்மைதான். ஆனால் அது பாதிக் கதை. அவரை வெளியே எடுத்தது பேராலயக் கட்டுமான நிர்வாகம். அந்த நிர்வாகம் யார் கையில் இருந்தது? கம்பளிச் சங்கத்தின் கையில்! பெரிய சங்கம் சின்னச் சங்கத்தை அதட்டியது, அவ்வளவுதான்.

புருனெல்லெஸ்கி சங்கமே இல்லாதவரும் அல்லர். பொற்கொல்லராகப் பட்டுச் சங்கத்தில் பதிவு செய்துகொண்டவர். பிளாரன்ஸில் பொற்கொல்லர்கள் ஏழு பெரிய சங்கங்களுள் ஒன்றான அதில்தான் சேர்ந்திருந்தார்கள். இதைக் கட்டுரையாளர் ஏனோ கண்டுகொள்ளவில்லை. நகர ஆட்சிக் குழுவில் பெரும்பான்மை இடங்கள் பெரிய சங்கங்களுக்கே. இரண்டு மாதத்துக்கொரு முறை பையில் கைவிட்டுச் சீட்டெடுப்பார்கள். சங்கப் பதிவு இல்லாதவர் பெயர் பைக்குள்ளேயே போகாது. 1425இல் புருனெல்லெஸ்கி அந்தக் குழுவில் உட்கார்ந்தது எந்தத் தகுதியில் என்று கட்டுரையாளர் நினைக்கிறார்?

நசுங்கியவர்களைத்தான் காட்ட வேண்டுமென்றால், 1378இல் கலகம் செய்த கம்பளிக் கூலிகள் இருக்கிறார்கள். அவர்கள் சங்கங்களை ஒழிக்கச் சொல்லவில்லை; தங்களுக்கும் ஒன்று கேட்டார்கள்.