பழைய வண்டியும் புதிய கண்ணாடியும்



மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் இதழ்க் குழுவிலுள்ள நண்பரொருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தமிழ் மன்ற இதழில் மோட்டாரா?" என்றார். ஏன் கூடாது? சங்கப் புலவர்கள் தேரைப் பாடவில்லையா? மோட்டார் நம் காலத்துத் தேர். அதிலும் நான் சொல்ல வந்தது இருவர் மட்டுமே அமரக்கூடிய பந்தயத் தேர்!

பங்காருபேட்டையில் என் தாய்மாமன் சிறியதொரு மோட்டார்ப் பட்டறை வைத்திருக்கிறார். தங்கவயலுக்குச் செல்லும் ரயில் பாதை 1894-ஆம் ஆண்டு முதல் பிரிந்து செல்லும் சந்திப்பு அவ்வூர். சென்ற விடுமுறையில் அந்தப் பட்டறைக்கு எம்.ஜி. டி.சி. என்னும் வண்டியொன்று வந்து நின்றது. இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரில் 1945 முதல் 1949 வரை செய்த வகை. மொத்தம் பத்தாயிரத்தை ஒட்டியே செய்தார்கள். நீண்ட மூக்கு, கம்பிச் சக்கரங்கள், நிமிர்ந்து நிற்கும் தட்டையான முகப்புக் கண்ணாடி. பக்கத்துத் திருகுகளைத் தளர்த்தினால் அந்தக் கண்ணாடி சட்டத்தோடு முன்பக்கம் சாய்ந்து படுத்துக்கொள்ளும். போட்டி ஓட்டத்தில் காற்றுத் தடுக்காமலிருக்க அந்த ஏற்பாடு. பட்டறைப் பையன்கள் அன்று முழுவதும் அதைச் சாய்ப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தார்கள். நானுந்தான்!

வண்டி பல்லாண்டுகள் உரிகத்தில் இருந்ததாம். தங்கவயலை அறிந்தவர்களுக்கு அங்குள்ள சயனைடு மலைகளைச் சொல்ல வேண்டியதில்லை. பொன்னைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய மண், சுரங்கம் 2001-இல் மூடிய பிறகும் குன்றுகளாக நிற்கிறது. காற்றுக் காலத்தில் அதன் தூள் வீட்டுக்குள் வருகிறது, சோற்றில் விழுகிறது, நெஞ்சுக்குள்ளும் போகிறது. கண்ணாடியை மட்டும் விட்டுவிடுமா? தூசு படிந்த கண்ணாடியின் மேல் துடைப்பான் ஓடினால் அது துடைப்பதில்லை, அரம் போல் அராவுகிறது. இரவில் எதிர் வண்டியின் விளக்குப் பட்டதும் முகப்பெல்லாம் வெள்ளைத் திரை. ஆகவே கண்ணாடியை மாற்ற வேண்டுமென்று கொண்டுவந்திருந்தார், வண்டியை அண்மையில் வாங்கிய பெங்களூர்ப் பெரியவர்.

மாமா சட்டத்தைக் கழற்றினார். துருவேறிய திருகாணிகளுக்கு முதல் நாள் மாலையிலேயே எண்ணெய் விட்டு வைத்து, மறுநாள் ஒவ்வொன்றாக நயந்து எடுத்தார். ஒன்றைக்கூட முறிக்கவில்லை. "இதே ஆணிதான் திரும்பப் போவணும்" என்று டப்பாவில் போட்டு மூடினார். இறுகிப்போன ரப்பரைச் சுரண்டினார். கண்ணாடியை அட்டையின் மேல் வைத்து அளவு வரைந்தார். அப்போதுதான் ஓரத்தைத் தடவிப் பார்த்து முகம் சுளித்தார். அது வண்டியோடு வந்த கண்ணாடியே அன்று. என்றோ யாரோ சன்னல் கண்ணாடியை வெட்டிப் பொருத்தியிருக்கிறார்கள்! அன்றைய இல்லாமை அப்படிச் செய்ய வைத்ததோ என்னவோ.

பெரியவர் கேட்டது இதுதான்: மறுபடியும் அதே போல் சாதாரணக் கண்ணாடியே போடவேண்டும், ஆனால் மூலையில் பழைய ஆங்கிலக் கம்பெனியின் முத்திரையை அரித்துப் பொறிக்க வேண்டும். கண்காட்சியில் நடுவர்கள் குனிந்து பார்ப்பார்களாம். இன்றைய முத்திரையைக் கண்டால் மதிப்பெண் குறைந்துவிடுமாம். மாமா முடியாது என்றார்.

நான் யார் பக்கம் பேசினேன் தெரியுமா? பெரியவர் பக்கம்! அந்த வேலைக்குப் பேசிய கூலியில் என் கல்லூரிக் கட்டணம் அடங்கியிருந்தது. "அவர் வண்டி, அவர் விருப்பம், நமக்கென்ன மாமா?" என்றேன். மாமா தம் இடக் கன்னத்தைத் திருப்பிக் காட்டினார். காதோரம் தொடங்கி உதடு வரை இறங்கும் தழும்பு. இளமையில் லாரியில் கிளீனராக இருந்தபோது வாங்கியது. "இது மோதினதால வந்தது இல்ல மாப்ளே. மலிவுக் கண்ணாடியால வந்தது. இன்னாடா படிச்ச நீ?" என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை.

படித்ததை இப்போதாவது சொல்கிறேன். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் ஒவ்வொரு துண்டும் கத்தி. சூடேற்றிச் சடுதியில் குளிர்வித்துப் பதப்படுத்திய கண்ணாடி உடைந்தால் கற்கண்டு போல் உதிரும். ஆனால் உடையும் நொடியில் முழுதும் நொறுங்கி வழி தெரியாமல் செய்துவிடும். மூன்றாவது வகை, இரு கண்ணாடிகளுக்கிடையே நெகிழித் தாள் வைத்து ஒட்டியது. கல் பட்டால் சிலந்தி வலைபோல் கீறும், சிதறாது. இதன் பிறப்பே ஒரு வேடிக்கை. 1903-இல் பிரெஞ்சு வேதியியலார் பெனடிக்டசின் குடுவையொன்று கீழே விழுந்தது; உடைந்தது, ஆனால் சிதறவில்லை. உள்ளே முன்னிருந்த கரைசல் உலர்ந்து தோலாகப் படிந்து துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1909-இல் காப்புரிமை பெற்றார். அந்நாளைய செல்லுலாய்டுத் தாள் வெயிலில் மஞ்சளித்துப் போகும். இன்றையது அப்படிப் போவதில்லை.

இது கிடைக்காத பொருளா? அல்லவே! வளைந்த கண்ணாடியாயின் அச்சு வேண்டும், உலை வேண்டும். இந்த எம்.ஜி.யின் முகப்போ தட்டை. ஒட்டுக் கண்ணாடியை இரு புறமும் கீறி, முறித்து, நடுத்தாளைச் சூடாக்கி அறுக்கத் தெரிந்தவர் போதும். விலை கூடும், மறுக்கவில்லை. சட்டமும் இதையே சொல்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-ஆம் விதி, பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும், முகப்பின் வழியே குறைந்தது 70 விழுக்காடு ஒளி புகவேண்டும் என்கிறது.

பழமை பழமையாகவே இருக்கவேண்டும் என்பாருக்கு நான் பகைவனல்லேன். பழைய திருகாணிக்காக ஓரிரவு காத்திருந்த மாமாவுக்குப் பழமையின் அருமை தெரியாதா? அந்தப் பொறியை மாற்றி வேறு பொறி வைக்கச் சொன்னால் முதலில் சண்டைக்கு நிற்பவர் அவரே. ஆனால் இங்கே காப்பாற்றக் கேட்டது பழமையையா? இருந்தது சன்னல் கண்ணாடி. அதன் இடத்தில் இன்னொரு சன்னல் கண்ணாடி. அதன்மேல் பொய் முத்திரை. அதற்குப் பழமை என்று பெயரிட்டால், கள்ள நாணயத்தையும் புதையல் எனலாமே! எங்கள் ஊரே முன்பு பவ்ரிங்பேட்டை எனப்பட்டது. பெயர்ப் பலகை மாறியதால் ஊர் தொலைந்து போயிற்றா? அதே சந்திப்பு, அதே மாரிக்குப்பம் ரயில், விடியுமுன் பெங்களூருக்கு வேலைக்கு ஓடும் அதே கூட்டம்.

கண்காட்சி நடுவர்களுக்கும் ஒரு சொல். உயிர் காக்கும் உறுப்பைப் புதியதாகப் போட்டவனுக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். நீங்கள் குறைக்கிறீர்கள் என்ற அச்சந்தான், உண்மையோ பொய்யோ, பெங்களூரிலிருந்து பங்காருபேட்டை வரை வந்து ஓர் ஏழைப் பட்டறைக்காரரைச் சோதித்தது.

பெரியவர் கோபித்துக்கொண்டு, சட்டத்தை இருக்கைக்குப் பின்னால் வைத்து, முகப்பில்லாத வண்டியைக் கறுப்புக் கண்ணாடி அணிந்து ஓட்டிப் போய்விட்டார். கழற்றிய கூலி மட்டும் கொடுத்தார். என் கட்டணம் அபராதத்தோடு பிந்தித்தான் கட்டப்பட்டது. அளவெடுத்த அட்டையை மாமா தூக்கிப்போடவில்லை. தேதி எழுதி, பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார். போன வாரம் ஊருக்குப் போனபோதும் பார்த்தேன். தூசு தட்டித்தான் வைத்திருக்கிறார்.