விக்கெட்டைத் தானம் செய்யும் வித்தை

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை பயிரிடுவோருக்குக் கவாத்தைப் பற்றி நாம் உபதேசம் செய்யத் தேவையில்லை. பச்சைப் பசேலென்று பந்தல் நிறையப் படர்ந்திருக்கும் கொடியில் கத்தரியை வைத்து வெட்டித் தள்ளும்போது அவர்கள் மனம் பதறுவதில்லை. ஆனால் அதே மனிதர்கள் இரவில் தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்து கிரிக்கெட் பந்தயம் பார்க்கும்பொழுது, நன்றாக நின்று ஆடுகிற ஒருவர் தாமாகவே மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியேறிவிட்டால், "இது என்ன அக்கிரமம்!" என்று எழுந்து நின்று விடுகிறார்கள். தோட்டத்தில் உள்ள புத்தி கூடத்துக்கு வந்ததும் எங்கே போய்விடுகிறது என்பதே இவ்வார விசாரணை.

இவ்வகையில் முதன்முதலாக ஐ.பி.எல். பந்தயங்களில் அனைவரையும் திகைக்க வைத்தவர் நம் தமிழ்நாட்டவரான ஸ்ரீ ரவிச்சந்திரன் அஸ்வின். 2022-ஆம் வருஷம் ஏப்ரல் 10-ஆம் தேதி, பம்பாய் வான்கடே மைதானத்தில் ராஜஸ்தான் கோஷ்டிக்கும் லக்னௌ கோஷ்டிக்கும் பந்தயம். ராஜஸ்தான் 67 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டுகளை இழந்து தத்தளித்த சமயத்தில் அஸ்வின் உள்ளே வந்தார். மேற்கிந்தியரான ஹெட்மயருடன் சேர்ந்து நிதானமாக ஆடி எண்ணிக்கையை 135-க்கு உயர்த்தினார். அவருடைய பங்கு 23 பந்துகளில் 28 ஓட்டங்கள். இன்னும் 10 பந்துகளே பாக்கி. யாரும் அவரை அவுட் ஆக்கவில்லை. காலில் சுளுக்கும் இல்லை. ஆயினும் அவர் விடுவிடென்று நடந்து வெளியே போய்விட்டார். அவருக்குப் பதிலாக ஓங்கி அடிக்கும் திறமையுள்ள ரியான் பராக் உள்ளே வந்தார். நோய், காயம் முதலிய தவிர்க்க முடியாத காரணமின்றி இவ்வாறு விலகுகிறவர், எதிர்க் கோஷ்டித் தலைவரின் சம்மதமின்றி மறுபடி ஆட முடியாது. ஏட்டில் அவர் அவுட் என்றே எழுதப்படும். அது சட்டம்.

கடைசி 10 பந்துகளில் 30 ஓட்டங்கள் சேர்ந்து ராஜஸ்தானின் எண்ணிக்கை 165 ஆயிற்று. லக்னௌ கோஷ்டியார் 162-இல் நின்றார்கள். மூன்றே ஓட்டங்களில் வெற்றி! பராக் ஆடியது 4 பந்துகள். எடுத்தது 8 ஓட்டங்கள். அஸ்வின் அதுவரை ஆடிய வேகத்தில் அந்த நான்கு பந்துகளை ஆடியிருந்தால் ஏறக்குறைய 5 ஓட்டங்கள் கிடைத்திருக்கும். வித்தியாசம் சரியாக மூன்று. கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்துவதால் நாம் மயங்கிவிடக் கூடாது. அந்த 30-இல் பெரும்பகுதி ஹெட்மயரின் கைவரிசை. வேறு இலக்கு இருந்தால் எதிரிகளும் வேறுவிதமாக ஆடியிருப்பார்கள். ஆகவே வெற்றியைக் கொண்டு இச்செயலை நியாயப்படுத்த நாம் முன்வரவில்லை. தோற்றிருந்தாலும் அது புத்திசாலித்தனமான காரியந்தான்.

ஏன் என்று கேட்பீர்கள். இருபது ஓவர்ப் பந்தயத்தில் ஒரு கோஷ்டியின் கையில் இரண்டு விதமான நாணயங்கள் இருக்கின்றன: பந்துகள் 120, விக்கெட்டுகள் 10. பந்துகள் தீர்ந்தே தீரும். விக்கெட்டுகளோ பெரும்பாலும் மிச்சப்பட்டுப் போகின்றன. மிச்சப்பட்ட விக்கெட்டை அடுத்த பந்தயத்துக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. உறியில் வைத்துக் காக்கவும் முடியாது. பத்துப் பந்துகள் பாக்கியிருக்க ஆறு விக்கெட்டுகள் கைவசம் இருந்தபோது ஒரு விக்கெட்டின் விலை அநேகமாகப் பூஜ்யம். ஒரு பந்தின் விலையோ மிக உச்சம். விலையற்றதைக் கொடுத்து விலையுயர்ந்ததைக் காப்பாற்றிக் கொண்டார்கள். இதில் அக்கிரமம் எங்கே இருக்கிறது?

அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்திலும் இத்தகைய தியாகம் ஒன்று உண்டு. அந்த ஆட்டம் நம் ஊர்ப் பக்கம் அதிகம் பழக்கமில்லையாதலால் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். நான்கு முனைகள் கொண்ட களம். பந்தை அடித்துவிட்டு முனை முனையாக ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஓர் ஓட்டம். மூன்று பேர் அவுட்டானால் ஓர் இன்னிங்ஸ் முடிந்தது. ஒன்பது இன்னிங்ஸில் மொத்தம் 27 அவுட்டுகள். சகா ஒருவர் முதல் முனையில் நிற்கும்போது, மட்டைக்காரர் சில சமயம் மட்டையை வீசாமல் குறுக்கே தளரப் பிடித்து, பந்து தம் காலடியிலேயே உருளும்படி செய்கிறார். எதிரிகள் அதைப் பொறுக்கி எறிந்து அவரை அவுட் ஆக்குவதற்குள் சகா இரண்டாம் முனை போய்ச் சேர்கிறார். இதற்குத் தியாக பண்ட் என்று பெயர். ஜப்பானில் இதற்கு மிகுந்த கௌரவம். யோமியூரி ஜயன்ட்ஸ் கோஷ்டியில் பல்லாண்டுகள் விளங்கிய மசஹிரோ கவாய் என்பவர் தம் ஆட்ட வாழ்க்கையில் 533 முறை இவ்வாறு தம்மைக் கொடுத்து உலக சாதனை படைத்திருக்கிறார்.

பெயரில் தியாகம் இருந்தாலும் இது பெரும்பாலும் நஷ்ட வியாபாரம். அங்கே பந்துகளுக்கு வரம்பில்லை. அவுட்டுகள்தாம் ஒரே நாணயம். அமெரிக்கப் பெரிய லீக்கில் 2010 முதல் 2015 வரை நடந்த பந்தயங்களை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒருவரும் அவுட்டாகாமல் முதல் முனையில் ஓர் ஆள் நின்றால், அந்த இன்னிங்ஸ் முடிவதற்குள் சராசரி 0.86 ஓட்டம் கிடைக்கிறது. ஓர் அவுட்டைக் கொடுத்து அவரை இரண்டாம் முனைக்கு நகர்த்தினாலோ அது 0.66 ஆகக் குறைந்து போகிறது. ஓர் ஓட்டமாவது கிடைக்கும் வாய்ப்பும் நூற்றுக்கு 42-இலிருந்து 40 ஆக இறங்குகிறது. ஆனால் ஆள் இரண்டாம் முனையில் நிற்கும்போது பண்ட் செய்து மூன்றாம் முனைக்கு அனுப்பினால், சராசரி ஓட்டம் குறைந்தாலும், ஓர் ஓட்டமாவது கிடைக்கும் வாய்ப்பு 61-இலிருந்து 66 ஆக ஏறுகிறது. ஆட்டம் சமநிலையில் இருக்கிறது, கடைசியாக ஆடும் கோஷ்டி நம்முடையது, ஒரே ஓர் ஓட்டம் போதும் என்ற தருணத்தில் தியாகம் பலிக்கிறது. மட்டைக்காரர் சோனியாக இருந்தாலும் பலிக்கும். முன்பெல்லாம் பந்து எறிபவரே மட்டை பிடிக்க வரும்போது இது சர்வசாதாரணமாக நடந்தது. 2022 முதல் அமெரிக்கப் பெரிய லீக் முழுவதிலும் எறிபவருக்குப் பதிலாக வேறொருவர் மட்டை பிடிக்கலாம் என்று விதி செய்த பிறகு, பண்ட் மேலும் அருகிப் போயிற்று.

ஆக, தியாகம் என்ற சொல்லைக் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல், எந்த நாணயம் அருமையானது என்று முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆடுபுலி ஆட்டத்தில் பதினைந்து ஆடுகளைக் கையாளுகிற நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது தெரியாத விஷயமல்ல. ஓர் ஆட்டை வெட்டக் கொடுத்துப் புலியை மூலைக்கு இழுத்து அடைப்பார்கள். ஆனால் ஆரம்பத்திலேயே ஆடுகளை வாரிக் கொடுப்பவனைத் திண்ணையில் உட்கார விட மாட்டார்கள்.

அஸ்வினுக்குப் பின் பலர் இவ்வாறு வெளியேறினார்கள். 2023 மே மாதத்தில் குஜராத் கோஷ்டிக்காக ஆடிய நம் சென்னை இளைஞர் சாய் சுதர்சன் 43 ஓட்டங்களோடு இடம் விட்டுக் கொடுத்தார், வெற்றியும் கிட்டியது. 2025 ஏப்ரல் 4-ஆம் தேதி லக்னௌவில் நடந்ததோ வேறு கதை. பம்பாய்க் கோஷ்டிக்கு 7 பந்துகளில் 24 ஓட்டங்கள் தேவை. 23 பந்துகளில் 25 எடுத்துத் தடுமாறிக் கொண்டிருந்த திலக் வர்மாவை வெளியே அழைத்து, நியூஜிலாந்துக்காரர் சான்ட்னரை அனுப்பினார்கள். சான்ட்னருக்குக் கிடைத்தவை இரண்டே பந்துகள். பந்தயம் 12 ஓட்டங்களில் தோல்வி. இங்கே தியாகத்தில் பிழையில்லை. அது காலம் கடந்து வந்தது என்பதும், வந்தவர் இருந்தவரைக் காட்டிலும் பெரிய அடிகாரர்தாமா என்பதுமே நம் சந்தேகம்.

அன்று அந்த முடிவு தம்முடையது என்று பொறுப்பேற்றுக் கொண்டவர் பயிற்சியாளர் மஹேல ஜயவர்தன. இலங்கையைச் சேர்ந்த இவர், 2001 செப்டம்பரில் கொழும்பில் வங்காள தேசத்துக்கு எதிரான டெஸ்டில் 150 ஓட்டங்கள் எடுத்தபின் தாமே இப்படி வெளியேறியவர்! அவருக்கு முன் அதே இன்னிங்ஸில் அதபத்துவும் 201 எடுத்துவிட்டு வெளியேறினார். எதிரி எளியவன் என்பதால் மற்றவர்களுக்கும் மட்டை பிடிக்க இடம் விட்டார்கள். அதைத் தியாகம் என்று நாம் சொல்ல மாட்டோம். எதிரியை அலட்சியம் செய்வதாக அப்போது பலர் கண்டித்தார்கள், அது நியாயமே.

இவ்வளவு தூரம் இதைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்து மைதானம் ஒன்றில் ரப்பர் பந்துப் பந்தயம். பத்து ஓவர். ஒரு பையன் தட்டித் தட்டி ஆடிக் கொண்டிருந்தான். கோஷ்டித் தலைவன் எல்லோர் எதிரிலும், "நீ வெளியே வாடா!" என்று கத்தினான். பையன் வந்தான். அடுத்த நாள் முதல் மைதானத்துக்கு வரவில்லை. கணக்குப்படி தலைவன் செய்தது சரியாகவே இருக்கலாம். எனினும் அஸ்வின் விஷயத்தில், இப்படி ஒரு சந்தர்ப்பம் வந்தால் இவ்வாறு செய்யலாம் என்று பருவம் தொடங்குமுன்பே பேசி வைத்திருந்ததாக அவருடைய தலைவர் ஸஞ்சு ஸாம்ஸன் பின்னால் சொன்னார். அஸ்வின் கொடுத்தார், இந்தப் பையனிடமிருந்து பிடுங்கிக் கொண்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து அவனுடைய அண்ணன் நம்மிடம் வந்து, "ஸார், எத்தனை பந்து பாக்கி இருந்தால் வெளியே வருவது சரி?" என்று கேட்டான். பத்து ஓவர்ப் பந்தயத்தில் கடைசி இரண்டு ஓவருக்குள், ஐந்து விக்கெட்டாவது கையில் இருந்து, கொட்டகையில் காத்திருப்பவன் உன் தம்பியைவிட வேகமாக அடிப்பவனாகவும் இருந்தால் வரலாம் என்றோம். அவன் சிறிது யோசித்து, "எங்கள் கோஷ்டியில் அவனுக்குப் பின்னால் அடிக்கத் தெரிந்தவனே கிடையாதே, ஸார்!" என்றான். அப்படியானால் தம்பியை நாளைக்கு அழைத்து வரச் சொன்னோம்.