நிலச்சரிவு: ஓடைப் பாதையில் நிற்கும் குடியிருப்புகள்

வயநாட்டில் 2024 ஜூலை 30 அதிகாலையில் பெயர்ந்தது, மனிதர் வசிக்காத ஒரு மலைமுகடு. இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்களின்படி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் சரிவு தொடங்கியது. அங்கே பெயர்ந்த நிலத்தின் பரப்பு ஏறத்தாழ 86,000 சதுர மீட்டர். அங்கிருந்து கிளம்பிய சேறும் பாறைகளும் மரங்களும் ஆற்றின் போக்கிலேயே சுமார் 8 கிலோமீட்டர் ஓடின. புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை ஆகிய மூன்று ஊர்களும் அந்தப் பாதையில் இருந்தன. 250-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர்.

ஒவ்வொரு பேரிடருக்குப் பின்னும் மலை ஏன் சரிந்தது என்று நெடுநாள் விவாதிக்கிறோம். சரிந்தது எந்த வழியாக இறங்கும், அந்த வழியில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை ஏனோ அவ்வளவு அக்கறையுடன் கேட்பதில்லை. உயிர்களைப் பொறுத்தவரை இதுவே முதற்கேள்வி என்று கருதுகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் பல சரிவுகளில், கெட்டியான பாறையின்மேல் சில மீட்டர் கனத்துக்கு மண் போர்த்தியிருக்கிறது. மண்துகள்களுக்கிடையிலான உராய்வும் வேர்களின் பிடியும்தான் அதைச் சரிவில் நிறுத்தி வைத்திருக்கின்றன. நாள்கணக்கில் மழை பெய்யும்போது, மண்ணுக்குள் இறங்கும் நீர் பாறையைத் தொட்டதும் மேற்கொண்டு இறங்க வழியின்றித் தேங்குகிறது. தேங்கிய நீரின் அழுத்தம் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்குகிறது, உராய்வு குறைகிறது. மண்ணின் எடையோ கூடிவிடுகிறது. சாலைக்காகச் சரிவின் அடிவாரத்தை வெட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். எனவேதான் கோடைக்குப் பிந்தைய முதல் பெருமழையைவிட, பல நாள் ஊறிய மண்ணின்மேல் ஓரிரவில் கொட்டும் மழை அஞ்சத்தக்கது.

மலையாளத்தில் இதை ‘உருள்பொட்டல்’ என்கிறார்கள். நம்முடைய ‘நிலச்சரிவு’ என்ற சொல்லில் இல்லாத வேகமும் ஓசையும் அதில் இருக்கின்றன. பெயர்ந்த மண் நீருடன் கலந்ததும், நீரைவிட ஏறத்தாழ இரு மடங்கு அடர்த்தியுள்ள குழம்பாகிறது. லாரி அளவுள்ள பாறைகளையும் அது சுமந்து செல்லும். போகும் வழியில் ஓடையின் படுகையையும் கரையையும் அரித்து மேலும் பெருக்கும். சில வேளைகளில் மரங்களும் பாறைகளும் குறுகிய இடத்தில் சிக்கி அணைபோல் நிற்கும்; கீழே ஓடையில் நீர் திடீரென வற்றும். கொட்டும் மழையில் ஓடை வற்றுவதைப் பார்த்து ஆறுதல் கொள்பவர்கள், அந்த அணை உடையும்போது தப்ப நேரம் இருக்காது.

இந்தப் பாதையில் குடியிருப்பவர்கள் யார்? மூணாறு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு நான்கு லயங்கள் மண்ணுக்குள் புதைந்து 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் கயத்தாறு வட்டாரத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் வழிவந்தவர்கள். மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்துபோயிருந்ததால், மறுநாள் காலையில்தான் செய்தியே வெளியுலகை எட்டியது. மறுநாள் இரவு கோழிக்கோட்டில் விமானம் விபத்துக்குள்ளானது. அதில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாயும், பெட்டிமுடியில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாயும் மாநில அரசு அறிவித்ததை அன்றைய நாளிதழ்களைப் படித்தவர்கள் மறந்திருக்க முடியாது.

இலங்கையின் பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியாபெத்தை தோட்டத்தை 2014 அக்டோபர் 29 காலையில் மண் மூடியது. அங்கும் லயன் வீடுகள். அங்கும் தமிழ்த் தொழிலாளர்கள். பள்ளிக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் பெற்றோரை இழந்து திரும்பினர். அந்த இடம் ஆபத்தானது, மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தது.

வயநாட்டிலும் முன்னறிகுறிகள் இருந்தன. முண்டக்கை 1984-லேயே ஒரு பெரும் சரிவைக் கண்டது. அருகிலுள்ள புத்துமலை 2019-இல் 17 உயிர்களைப் பறிகொடுத்தது. 2024 பேரிடருக்குப் பின் மத்திய, மாநில அரசுகள் எச்சரிக்கை தந்தோம், தரவில்லை என்று வாதிட்டன. 48 மணி நேரத்தில் 572 மில்லிமீட்டர் மழை பெய்த பின்னரும், சிவப்பு எச்சரிக்கை விபத்து நடந்த பிறகே வந்ததாகக் கேரள முதல்வர் கூறினார். ஒரு மாவட்டம் முழுமைக்குமான வண்ண எச்சரிக்கை, எந்த ஓடைக்கரையில் இருப்பவர் எந்நேரத்தில் வெளியேற வேண்டும் என்பதைச் சொல்லாது. வயநாட்டில் ஹியூம் மையம் உள்ளூர் மக்களைக் கொண்டு ஊர்தோறும் மழை அளந்துவருகிறது. ஒவ்வொரு தோட்டத்திலும் மழைமானி வைப்பது பெருஞ்செலவல்ல.

ஆனால், வெளியேறு என்றால் எங்கே போவது? லயத்து வீடு வேலையோடு கிடைப்பது; வேலை போனால் வீடும் போகும். பட்டா இல்லை. அரை நூற்றாண்டு கொழுந்து பறித்தவருக்கும் வேறிடத்தில் ஒரு சென்ட் நிலம் வாங்க வழியில்லை. தோட்டங்கள் தொடங்கிய காலத்தில் நீர் வசதி கருதி ஓடையோரத்திலும், தேயிலைக்குப் பயன்படாத இடத்திலும் கட்டப்பட்ட லயங்கள் பல அங்கேயே நிற்கின்றன. மழை எச்சரிக்கையைக் கேட்டு ஓரிரவு பள்ளிக்கூடத்தில் தங்கலாம்; பருவமழைக்காலம் முழுவதும் தங்க முடியாது.

கல்பற்றா எல்ஸ்டன் தோட்டத்தில் புதிய குடியிருப்புக்கு 2025 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். வரவேற்கத்தக்க பணிதான். எனினும் அது பேரிடரால் வீடிழந்தவர்களுக்கானது. சூரல்மலை புதைந்த அதே அதிகாலையில் வால்பாறை அருகே சோலையாறில் வீட்டின்மேல் மண் சரிந்து ஒரு பாட்டியும் பேத்தியும் இறந்தனர். தமிழ்நாட்டிலும் வால்பாறை, நீலகிரி லயங்களில் எவை ஓடைப் பாதையில் உள்ளன என்ற கணக்கெடுப்பை, அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முன் அரசு வெளியிட வேண்டும். அவற்றில் வசிப்பவர்களுக்கு வேலையோடு பிணைக்கப்படாத, அவர்கள் பெயரிலேயே பட்டாவுள்ள மனை தரப்பட வேண்டும்.