பல் வரிசையும் முகூர்த்த நாளும்

பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் பல வீடுகளில் அவளுடைய பல் வரிசை நினைவுக்கு வருகிறது. அதுவரை யாரும் குறையாகச் சொல்லாத பல், போட்டோ எடுக்கும் அன்று திடீரென்று பெரிய விஷயமாகிவிடுகிறது. உடனே பல் வைத்தியரிடம் ஓடுகிறார்கள். "தை மாதம் முகூர்த்தம் வைத்திருக்கிறோம், டாக்டர். அதற்குள் கிளிப் போட்டுக் கழற்றிவிட முடியுமா?" என்று கேட்கிறார் தாயார். ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் ஆகும் என்கிறார் வைத்தியர். தாயாரின் முகம் வாடிவிடுகிறது. பெண் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

வைத்தியர் வேண்டுமென்றே நாளை நீட்டுகிறார் என்று நினைப்பது தவறு. பல், சுவரில் அடித்த ஆணிபோல் எலும்பில் இறுகிக் கிடப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்கள் பல்லைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. கம்பி ஒரு பக்கமாகப் பல்லை மெதுவாகத் தள்ளினால், அந்தப் பக்கத்து எலும்பு சிறிது சிறிதாகக் கரைந்து வழி விடுகிறது. மறுபக்கத்தில் புது எலும்பு உண்டாகி, விட்ட இடத்தை நிரப்புகிறது. கம்பி தூண்டுகிறதே தவிர, வேலையைச் செய்வது உடம்புதான். மாதம் ஒன்றுக்குப் பல் நகரும் தூரம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். அவசரப்பட்டு பலமாக அழுத்தினால் பல் வேகமாக நகராது. வேரின் நுனி தேய்ந்து போகும். முன் பல் நாலை மட்டும் கொஞ்சம் நேராக்குவது வேறு, மேல் வரிசையும் கீழ் வரிசையும் சரியாகச் சேரும்படி வாய் முழுவதையும் திருத்துவது வேறு. முன்னது சில மாதங்களில் முடியலாம். பின்னதற்கு எந்தப் பஞ்சாங்கமும் உதவாது.

முகூர்த்தத்தை வைத்துப் பல்லைப் பார்க்கிற இந்த வழக்கத்தில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. அதே வீட்டில் அண்ணனுக்கும் பல் தூக்கிக்கொண்டுதான் இருக்கும். "அவனுக்கு என்ன, ஆண்பிள்ளை, மீசை வந்தால் மறைந்துவிடும்" என்று பாட்டி சொல்லிவிடுவாள். அவன் சைக்கிளிலிருந்து விழும்போது முதலில் அடிபடுவது அந்தத் தூக்கின பல்தான். முன்னால் நீண்டிருக்கும் மேல் வெட்டுப்பற்கள் விழுந்து அடிபட்டால் உடைவது அதிகம் என்பது பல் வைத்தியர்கள் நன்றாக அறிந்த விஷயம். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பற்களின் இடுக்கில் பிரஷ் நுழையாது. அங்கே அழுக்கு தங்கி, ஈறு வீங்கி, சொத்தை விழும். கடவாய் சேராமல் போனால் சாப்பாட்டைச் சரியாக அரைக்க முடியாது. இவையெல்லாம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது.

சரி, எப்போதுதான் பார்க்க வேண்டும்? ஏழு வயதில் என்பது பல் சீரமைப்பு வைத்தியர்கள் சொல்லும் பதில். ஏழு வயதிலேயே கிளிப் போட வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பெரும்பாலான குழந்தைகளைப் பார்த்துவிட்டு, ஒரு வருஷம் கழித்து வாருங்கள் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வயதில் பார்ப்பதற்குக் காரணம் வேறு.

குழந்தைக்கு ஆறு வயது நடக்கும்போது, பால் பற்களுக்கெல்லாம் பின்னால் ஒரு பெரிய கடவாய்ப்பல் சத்தமில்லாமல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழுந்து அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஆகையால் அதுவும் பால் பல் என்றே பல தாய்மார்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அதுதான் முதல் நிலைப்பல். வாயின் முழு அமைப்புக்கும் அதுவே அஸ்திவாரம். அமெரிக்காவில் இந்தச் சிகிச்சையைத் தனி சாஸ்திரமாக்கிய எட்வர்ட் ஆங்கிள் என்ற வைத்தியர், 1899-இல் பல் சேர்க்கைக் கோளாறுகளை வகை பிரித்தபோது இந்தப் பல்லைத்தான் அளவுகோலாக வைத்தார். அந்தப் பிரிவினை இன்றும் வழக்கில் இருக்கிறது. அப்பேர்ப்பட்ட பல் மிட்டாயும் பிஸ்கட்டும் தின்று எட்டு வயதில் சொத்தையாகிவிட்டால், "விழுந்து முளைக்கும்" என்று காத்திருக்கிறார்கள். அது முளைக்காது.

பால் பல்லின் கதையும் இதேதான். பால் பல்தானே என்ற அலட்சியம் இல்லாத வீடு குறைவு. விழுந்த பல்லைச் சாணியில் வைத்துக் கூரைமேல் எறிவதில் காட்டும் அக்கறையை, அது வாயில் இருக்கும்போது யாரும் காட்டுவதில்லை. பால் கடவாய்ப்பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. பின்னால் வரப்போகும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பது அவற்றின் வேலை. பஸ்ஸில் துண்டு போட்டு வைக்கிறார்களே, அதைப்போல. ஆறு வயதில் சொத்தை என்று அதைப் பிடுங்கிவிட்டால், பின்னாலிருக்கும் கடவாய்ப்பல் முன்னால் சாய்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உரிய பல் வரும்போது நிற்க இடமில்லாமல் வெளியிலோ உள்ளுக்கோ திரும்பி முளைக்கும். இதைத் தடுக்க, காலி இடத்தைக் காப்பாற்றும் சின்னக் கம்பி வளையம் ஒன்றைப் பொருத்துவார்கள். பின்னால் இரண்டு வருஷம் போடும் கிளிப்போடு ஒப்பிட்டால் இதன் செலவு அற்பம். சொத்தை ஆழமாகப் போவதற்கு முன்பே பால் பல்லை அடைத்துவிட்டால் அதுவும் வேண்டியதில்லை.

விரல் சூப்புகிற வழக்கத்துக்கும் இந்த வயதே எல்லை. மூன்று வயதில் சூப்புவதற்காகக் குழந்தையை அடிக்க வேண்டியதில்லை, தானாகவே விட்டுவிடும். நிலைப்பற்கள் முளைக்கும் காலத்திலும் சூப்பிக்கொண்டிருந்தால்தான் மேல் பல் முன்னால் வரும், மேலும் கீழும் சேராமல் நடுவில் சந்து விழும். விரலில் வேப்பெண்ணெய் தடவுவதைவிட, வைத்தியரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது. தூங்கும்போது வாயைத் திறந்துகொண்டு மூச்சு விடும் குழந்தையைக் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடமும் காட்ட வேண்டும். மூக்கின் பின்னால் சதை வளர்ந்து மூச்சு அடைபட்டிருந்தால், பல்லுக்கு மட்டும் கம்பி போட்டுப் பிரயோஜனம் இல்லை.

அநாவசியமாகப் பயப்படுகிறவர்களும் உண்டு. எட்டு வயதுக் குழந்தையின் மேல் முன் பற்கள் விரிந்து, நடுவில் சந்து விட்டு நிற்கும். பார்க்க அழகாயிராது. கோரைப்பல் பதினொன்று, பன்னிரண்டு வயதில் இறங்கும்போது பெரும்பாலும் அந்தச் சந்து தானே அடைந்துவிடும். தெத்துப்பல் விஷயமும் அப்படித்தான். தெத்துப்பல் சிரிப்பை அழகு என்று கொண்டாடும் ரசிகர்கள் தமிழ்நாட்டில் எப்போதும் இருந்து வந்திருக்கிறார்கள். கடிப்பது சரியாக இருந்து, பல்லைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும் முடிந்தால், அந்தத் தெத்துப்பல்லை இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடுவதில் பாதகமில்லை. விளம்பரப் பலகையில் சிரிக்கிறவர்களின் பல்போல எல்லோருக்கும் இருந்தே தீர வேண்டும் என்று சாஸ்திரம் எதுவும் சொல்லவில்லை.

தாடையே பின்தங்கியிருந்தால் அல்லது மேல் அண்ணம் குறுகியிருந்தால், அங்கே காலம் பொன் போன்றது. குழந்தை உயரமாக வளரும் வருஷங்களில் கீழ்த் தாடையும் சேர்ந்து வளருகிறது. அந்த வளர்ச்சியைத் துணையாக்கிக்கொள்ளும் கருவிகள் உண்டு. அண்ணத்தின் நடுவே இரு பாதிகளும் சேரும் கோடு, பத்துப் பன்னிரண்டு வயதில் இன்னும் இறுகியிருப்பதில்லை. சிறு திருகாணி வைத்த கருவியால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தலாம். பெண்கள் பையன்களைவிட முன்னதாக வளர்ந்து முடிப்பதால், பெண் குழந்தைக்கு இந்தச் சந்தர்ப்பம் சீக்கிரமே கை நழுவும். பன்னிரண்டு வயதில் கருவியால் ஆகக்கூடிய காரியத்துக்கு இருபத்திரண்டு வயதில் தாடையில் ஆபரேஷன் தேவைப்படலாம். வரன் பார்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதன் விலை இதுதான்.

கிளிப் போடுவதென்று தீர்மானித்த பிறகு வரும் பெரிய பயம், நல்ல பற்களைப் பிடுங்கச் சொல்கிறார்களே என்பது. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று கிராமத்தில் மட்டுமா சொல்கிறார்கள்? பட்டணத்திலும் சொல்கிறார்கள். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. அந்தப் பயத்துக்கு ஆதாரமே இல்லை. ஆனால் எல்லோருக்கும் பிடுங்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. வைத்தியர்களே இதில் ஒரு தலைமுறைக் காலம் சண்டை போட்டிருக்கிறார்கள். கடவுள் கொடுத்த பற்கள் அத்தனையும் வாயில் இருக்க வேண்டும் என்பது ஆங்கிளின் பிடிவாதம். அவருடைய சிஷ்யர் சார்லஸ் ட்வீட், குருவின் வழியில் சிகிச்சை செய்த பலருடைய பற்கள் மீண்டும் முன்னால் வந்துவிட்டதைக் கண்டார். நாலு முன் கடவாய்ப்பற்களை எடுத்துவிட்டு அவர்களுக்கு மறுபடியும் சிகிச்சை செய்து, பலனை 1940-களில் சக வைத்தியர்கள் முன் எடுத்துக் காட்டினார். இன்று இரண்டு கட்சியும் இல்லை. தாடை அளவு, பல் அளவு, முகத்தின் பக்கவாட்டு எக்ஸ்ரே ஆகியவற்றைப் பார்த்து ஆளுக்கு ஆள் முடிவு செய்கிறார்கள். அளவெடுக்காமலே பிடுங்கச் சொல்கிறவரையும், பிடுங்கவே வேண்டாம் என்று வாக்குக் கொடுக்கிறவரையும் விட்டு விலகி இன்னொருவரிடம் கேட்பது உத்தமம். பல் வைத்தியப் படிப்பு ஐந்து வருஷம். அதன் மேல் மூன்று வருஷம் இதை மட்டும் படித்த எம்.டி.எஸ். பட்டதாரிகள் இருக்கிறார்கள். போர்டைப் படித்துவிட்டு உள்ளே நுழைவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

இவ்வளவும் சொன்னதால், வயது வந்தவர்கள் காலம் கடந்துவிட்டதென்று ஏங்க வேண்டாம். எலும்பு உயிரோடு இருக்கும்வரை பல் நகரும். நாற்பதிலும் ஐம்பதிலும் கிளிப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. தாடை வளராது, நாள் கொஞ்சம் கூடும், அவ்வளவே. ஈறு நோயும் கட்டுக்கடங்காத சர்க்கரையும் இருந்தால் அவற்றை முதலில் சரிப்படுத்த வேண்டும். ஆடும் பல்லைக் கம்பியால் இழுப்பது விபரீதம். கம்பி தெரிந்தால் ஆபீஸில் கேலி செய்வார்களே என்று கூசுகிறவர்களுக்குப் பல்லின் நிறத்திலேயே பீங்கான் பொட்டுகள் இருக்கின்றன. கழற்றி மாட்டக்கூடிய கண்ணாடி போன்ற உறைகளும் 1990-களின் கடைசியில் வந்துவிட்டன. உறை நல்ல சாதனம்தான். ஆனால் நாள் ஒன்றுக்கு 20 மணி நேரத்துக்குக் குறையாமல் மாட்டியிருக்க வேண்டும். கடினமான கோளாறுகளுக்குப் பல சமயம் கம்பியே மேல். வைத்தியர் வாயைப் பார்க்காமலே தபாலில் உறை அனுப்பும் வியாபாரமும் நடந்தது. அமெரிக்காவில் 2014-இல் அப்படித் தொடங்கிய ஸ்மைல் டைரக்ட் கிளப் கம்பெனி, 2023 டிசம்பரில் கடையை மூடியபோது, பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் கேட்பாரில்லாமல் நின்றார்கள்.

கம்பி கழற்றிய அன்று வீட்டில் பாயசம் வைக்கிறார்கள். சிகிச்சை அன்றோடு முடிவதில்லை. நார்கள் பழைய இடத்துக்கே பல்லை இழுக்கப் பார்க்கும். புது எலும்பு கெட்டிப்பட நாளாகும். அதற்காகக் கொடுக்கும் ரிட்டெய்னரை, பல வருஷங்களுக்கு, இரவிலாவது மாட்டிக்கொள்ள வேண்டும். அதை டிபன் டப்பாவோடு சேர்த்துத் தொலைத்துவிட்டு, இரண்டு வருஷம் கழித்து "பழையபடி ஆகிவிட்டதே" என்று வருகிறவர்கள் கொஞ்சமல்ல.

பணமுள்ளவர்களுக்குத்தானே இதெல்லாம் என்ற முணுமுணுப்பு நியாயமானது. சென்னையில் 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியில் பல் சீரமைப்புக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பொறுமையாகக் காத்திருக்கத் தயாரானவர்களுக்கு அது உதவும். ஆனால் ஆறு வயதுப் பல்லைக் காப்பாற்றுவதற்குக் கல்லூரி வரை போக வேண்டியதில்லை. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளவர்களைப் பரிசோதிக்க 2013-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் சொத்தைப் பல்லும் சேர்க்கப்பட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சொத்தையைத் தேடுகிற அதே நிமிஷத்தில், ஆறு வயதுக் கடவாய்ப்பல் முளைத்துவிட்டதா, பால் பல் பிடுங்கிய இடம் குறுகுகிறதா, மேலும் கீழும் சேருகிறதா என்று மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிவிடலாம். இரண்டாம் வகுப்பில் அந்தச் சீட்டு தாயார் கைக்குப் போனால், பிள்ளைக்கு இன்னும் வளருகிற வயது நாலைந்து வருஷம் பாக்கியிருக்கும்.