உண்டியலில் அடங்காத கடன்

ஒரு ஞாயிறு மறையுரையில், உருகும் துருவப் பனியைப் பற்றியும், கடல் மட்டம் உயர்வதால் தவிக்கும் பசிபிக் தீவுகளைப் பற்றியும் சில வார்த்தைகள் சொன்னேன். திருப்பலி முடிந்ததும் பங்கின் பெரியவர் ஒருவர் சக்ரீஸ்துக்கு வந்து, "சாமி, பீடத்திலிருந்து நற்செய்தியைச் சொல்லுங்கள். வானிலை அறிக்கையை நாங்கள் வானொலியில் கேட்டுக்கொள்கிறோம்" என்றார். உடன் வந்தவர் சமாதானமாக, "அதற்கென்ன சாமி, இவ்வாண்டுத் தவக்கால உண்டியலில் அந்தத் தீவு மக்களுக்கும் கொஞ்சம் ஒதுக்கிவிடலாம்" என்றார். முதலாமவரின் சினத்தைவிட இரண்டாமவரின் இரக்கமே என்னை வருத்தியது.

சினந்தவருக்குத் திருத்தந்தை பிரான்சிசு 2015-இல் 'லௌதாத்தோ சி' சுற்றுமடலிலும், 2023-இல் 'லௌதாத்தே தேயும்' மடலிலும் விடை சொல்லிவிட்டார். இரங்கியவரோடுதான் எனக்கு வழக்கு. அவர் கடனைத் தருமம் என்று கருதுகிறார். இது சிறு பிழையன்று.

கடன் என்பதற்குச் சாட்சி எங்கே? பனிக்கட்டியில் இருக்கிறது. 1965-இல் அண்டார்க்டிகாவின் அடேலி நிலத்தில், குளோது லோரியு என்னும் பிரெஞ்சு ஆய்வாளர், விஸ்கிக் கோப்பையில் இட்ட பழம்பனித் துண்டிலிருந்து குமிழிகள் எழுவதைக் கண்டார். (மதுவிலக்கு அன்பர்கள் பொறுத்தருள்க.) அக்குமிழிகளில் அடைபட்டிருப்பது பண்டைக்காலக் காற்றே என்பது அவருக்கு உறைத்தது. ஆண்டுதோறும் பெய்யும் பனி அடுக்கடுக்காக அழுந்திக் கட்டியாகும்போது, அவ்வக்காலத்துக் காற்றையும் உள்ளே சிறைப்படுத்துகிறது. பின்னர் ஐரோப்பியர் அக்கண்டத்தின் 'டோம் சி' என்னுமிடத்தில் 3,200 மீட்டருக்கும் கீழே துளையிட்டனர். அங்கிருந்து எடுத்த பனியை நொறுக்கிப் பெர்ன் பல்கலைக்கழகத்தார் முதலானோர் அளந்து, 2008-இல் முடிவுகளை வெளியிட்டனர். 8 இலட்சம் ஆண்டுகளில் கரியமில வாயு பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 300 பங்கைத் தாண்டியதே இல்லை. இன்று அது 420-ஐக் கடந்து நிற்கிறது. கூடுதலாகச் சேர்ந்த கரியில் நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றின் அடையாளத்தையும் அறிவியலார் கண்டுள்ளனர். அவற்றை முதலில், மிகுதியாக எரித்துச் செல்வம் சேர்த்த நாடுகள் எவை என்பதைப் பள்ளி மாணவனும் அறிவான். வனுவாட்டுத் தீவினரின் பங்கு அதில் தூசு.

2019-இல் அந்த வனுவாட்டிலுள்ள தென் பசிபிக் பல்கலைக்கழக வளாகத்தில் சட்டம் பயின்ற 27 மாணவர்கள், உலகின் உயர்ந்த நீதிமன்றத்திடமே இதைக் கேட்போம் என்று துணிந்தனர். வகுப்பறையில் பிறந்த அந்த எண்ணத்தை வனுவாட்டு அரசு தோளில் சுமந்தது. 2023 மார்ச் 29 அன்று ஐ.நா. பொதுப்பேரவை எதிர்ப்பின்றி அக்கேள்வியை ஏற்று, பன்னாட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பியது.

அதற்கு முன்பே செல்வ நாடுகள் தமக்கு ஒரு வேலி போட்டுக்கொண்டிருந்தன. 2015-இல் பாரிசு உடன்படிக்கையோடு நிறைவேறிய தீர்மானத்தின் 51-ஆம் பத்தியைப் பாருங்கள். இழப்பையும் சேதத்தையும் பற்றிய பிரிவு எவ்விதப் பொறுப்புக்கும் இழப்பீட்டுக்கும் அடிப்படையாகாது என்கிறது அது. அதே 2015-இல் வெளிவந்த 'லௌதாத்தோ சி' மடலின் 51-ஆம் பத்தியோ, வடநாடுகளுக்கும் தென்னாடுகளுக்கும் இடையே மெய்யான சூழலியல் கடன் ஒன்று உள்ளது என்கிறது. ஒரே ஆண்டு, ஒரே எண். ஒன்று கடன் இல்லை என்கிறது, மற்றொன்று உண்டு என்கிறது. இழப்புக்கென 2022-இல் இசைந்த நிதியும் கொடுப்பவர் மனம்போல் கொடுப்பதாகவே அமைந்தது. அதுவும் உண்டியல்தான்.

2024 டிசம்பரில் ஹேக் நகரில் நடந்த விசாரணையில், பருவநிலை உடன்படிக்கைகளுக்கு அப்பால் தமக்குக் கடமை இல்லை என்று வல்லரசுகள் சில வாதிட்டன. நம் நாட்டின் சார்பிலும், செல்வ நாடுகளின் பழைய பொறுப்பை வலியுறுத்திய அதே வாயால், புதிய கடமைகளை உருவாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்பட்டது. இன்று புகை கக்குவதில் உலகில் மூன்றாமிடம் நமக்கு என்பதை மறந்தால் நானும் பரிசேயனாவேன்.

2025 ஜூலை 23 அன்று 15 நீதிபதிகளும் ஒருமனதாகக் கருத்துரைத்தனர். கடமை தவறும் நாடு தவற்றை நிறுத்த வேண்டும். மீண்டும் செய்யாதிருக்க உறுதி தரவும் நேரலாம். தவற்றுக்கும் இழப்புக்கும் நேரான தொடர்பு மெய்ப்பிக்கப்பட்டால் முழுமையாக ஈடுசெய்ய வேண்டும். ஈடுசெய்யும் வழிகளுள் ஒன்றுக்குச் சட்டம் வழங்கும் பெயர், தவற்றை ஏற்று வருந்தும் 'நிறைவளித்தல்'. படித்தபோது திடுக்கிட்டேன். குருமடத்தில் ஒப்புரவு அருட்சாதனத்தைப் பயின்றபோது மனனம் செய்த சொல்லல்லவா இது! 1551-இல் திரெந்து பொதுச்சங்கம் மனத்துயர், அறிக்கை, பரிகாரம் என்று மூன்றைக் கேட்டது. மூன்றாவதற்கு இலத்தீனில் 'சாத்திஸ்ஃபாக்சியோ', அதாவது நிறைவளித்தல். நம் பாட்டிமார் 'அபராதம் தீர்த்தல்' என்பார்கள். இரு துறைகளிலும் பொருள் முற்றும் ஒன்றல்ல. ஆனால் வேர் ஒன்றே. களவாடியதைத் திருப்பித் தரும் வசதியிருந்தும் மனமில்லாதவனுக்கு மன்னிப்பில்லை என்பது புனித அகுஸ்தீன் காலந்தொட்டு வரும் போதனை. ஆட்டைத் திருடியவன் ஆட்டுக்காரனுக்குக் கறிக்குழம்பு ஊற்றினால் எந்தக் குருவானவர் பாவமன்னிப்பு அளிப்பார்?

அந்தக் கருத்துரை எவரையும் கட்டுப்படுத்தாதே என்பார்கள். மெய்தான். மனச்சான்றின் குரலுக்கும் காவல்துறை இல்லை. நீதிமன்றம் சட்டத்தின் பொருளை உரைத்துவிட்டபின், 'எனக்குத் தெரியாது' என்று சொல்லும் உரிமை மட்டும் பறிபோய்விட்டது. அறியாமை எப்போது குற்றத்தைக் குறைக்கும், எப்போது குறைக்காது என்று நாம் மறைக்கல்வியில் படித்ததுதானே!

கோவில் நேர்ந்தளிப்பு விழாக்களில் சக்கேயுவின் நற்செய்தியை வாசிக்கிறோம். மறையுரையாளர்கள் பெரும்பாலும் அவர் மரமேறியதோடு நின்றுவிடுகிறோம். என்னையும் சேர்த்தே சொல்கிறேன். இறங்கி வந்தவர் இரண்டு கணக்கு எழுதினார். உடைமையில் பாதி ஏழைகளுக்கு, அது ஈகை. ஏமாற்றிப் பெற்றதற்கு நான்கு மடங்கு, அது ஈடு. ஒன்றை மற்றொன்றில் அவர் கழித்துக்கொள்ளவில்லை. அடுத்த விழாவில் இந்த இரண்டாம் கணக்கைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பெரியவர் இருவரும் மீண்டும் சக்ரீஸ்துக்கு வருவார்கள். வரட்டும்.