சோம்பேறி என்றவன் பார்வோன்

‘அமெரிக்கன் உழைக்கிறான், உயர்கிறான், ஐரோப்பியன் விடுமுறையில் கிடக்கிறான், தேய்கிறான்’ என்னும் பேச்சு நம் படித்த கத்தோலிக்கக் குடும்பங்களில் இப்போது மிகுதியாகக் கேட்கிறது. ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கும் பெரியவர்களும் இதையே சொல்கிறார்கள். மகன் டெக்சாசில் இருக்கிறான், மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். அவர்கள் அனுப்பும் பணத்தையும் நிழற்படங்களையும் கொண்டு ஒரு பொருளாதாரக் கொள்கையையே வகுத்துவிடுகிறார்கள். இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சாயின் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடலாம். ஆனால், மனிதன் எதற்காக உழைக்கிறான் என்ற வினாவுக்கு நம் மக்கள் தரும் விடை இதனுள் ஒளிந்திருக்கிறது. அவ்விடை திருச்சபையின் விடையன்று. ஆதலால் மறுக்கிறோம்.

முதலில் எதிர்த்தரப்புக்கு உரியதை அவர்களுக்கே கொடுத்துவிடுவோம். அமெரிக்கா செல்வம் மிக்க நாடு. 2023ஆம் ஆண்டில் தலைக்கு 80,000 டாலருக்கு மேல் அதன் உள்நாட்டு உற்பத்தி. ஜெர்மனியில் 55,000ஐ எட்டவில்லை. புதிய தொழில்நுட்பங்களில் ஐரோப்பா பின்தங்குகிறது என்பதை இத்தாலியின் மேனாள் பிரதமர் மாரியோ திராகி 2024இல் அளித்த அறிக்கையும் ஒப்புக்கொள்கிறது. தென் ஐரோப்பாவில் இளைஞர் வேலையின்மை கொடியது. 2013இல் ஸ்பெயினில் வேலை தேடும் இளைஞருள் பாதிக்கு மேற்பட்டோர்க்கு வேலை இல்லை. இவற்றை மறைத்து வாதிடுவது நமக்கு அழகன்று. ஆனால் திராகி கேட்டது முதலீட்டையும் புதுமையையுமே. தொழிலாளியின் விடுமுறை நாள்களை அல்ல. இதை நம்மவர் கவனிப்பதில்லை.

‘உழைப்பு அமெரிக்கனின் இரத்தத்தில் ஊறியது’ என்பார்கள். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் அமெரிக்கரைவிடக் குறைவாக உழைக்கவில்லை. இன்று ஓர் அமெரிக்கத் தொழிலாளி ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மணி நேரமும், ஜெர்மானியர் ஏறத்தாழ 1,340 மணி நேரமும் உழைக்கின்றனர். ஜெர்மனியில் பகுதிநேர வேலை செய்வோர் மிகுதி என்பதால் இவ்வேறுபாட்டில் ஒரு பங்கைக் கழித்துவிடலாம். அதன் பிறகும் பல வாரங்கள் எஞ்சி நிற்கின்றன. ஐம்பது ஆண்டுகளில் ஓர் இனத்தின் இரத்தமா மாறிவிட்டது? மாறியது வேறு. இயந்திரங்களும் அறிவும் பெருகப் பெருக, ஒரு மணி நேர உழைப்பின் பயன் இரு கரைகளிலும் வளர்ந்தது. அந்த வளர்ச்சியின் ஒரு பகுதியை ஐரோப்பா நேரமாக எடுத்துக்கொண்டது; அமெரிக்காவோ ஏறக்குறைய முழுவதையும் பொருளாக எடுத்துக்கொண்டது. சிலர் இதற்கு ஐரோப்பாவின் வரிச்சுமையைக் காரணம் காட்டுவர். சிலர் தொழிற்சங்கங்களையும் சட்டங்களையும் காட்டுவர். எதுவாயினும் அது மனிதர் செய்த தேர்வு, பிறவிக் குணமன்று.

அமெரிக்காவே ஒருகாலத்தில் மறுவழியில் நடந்தது என்பதை இன்று எத்தனை பேர் அறிவர்? காலை உணவுத் தானியம் செய்யும் கெலாக் நிறுவனம், மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் நகரில் இருந்த தன் ஆலையில் 1930 டிசம்பரில் ஆறு மணி நேர வேலைமுறையைக் கொணர்ந்தது. எட்டு மணி வீதம் மூன்று முறை இயங்கிய ஆலை, ஆறு மணி வீதம் நான்கு முறை இயங்கியது. பொருளாதார வீழ்ச்சியால் தெருவில் நின்ற பலர்க்கு வேலை கிடைத்தது. தொழிலாளர்க்குத் தோட்டத்துக்கும் குழந்தைகளுக்கும் ஆலயத்துக்கும் நேரம் கிடைத்தது. 1933இல் வாரத்துக்கு 30 மணி நேரம் என்னும் மசோதாவை அமெரிக்க மேலவையே நிறைவேற்றியது. ஆனால் அது சட்டமாகவில்லை. போருக்குப் பின் கெலாக்கிலும் ஆண்கள் ஒவ்வொருவராக எட்டு மணி நேரத்துக்குத் திரும்பினர்; கூடுதல் கூலி இழுத்தது. ஆறு மணி நேரத்தை இறுதிவரை விடாது பற்றியிருந்தவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். 1985இல் அதுவும் முடிந்தது. தொழிலாளர்க்கே விருப்பமில்லை என்பீர்களா? தனித்தனியே விடப்பட்ட மனிதன், பக்கத்து வீட்டுக்காரனின் காரைப் பார்த்துத் தன் மாலைப் பொழுதை விற்றுவிடுவான். நாமும் அவ்வாறே செய்வோம்.

இங்கேதான் சட்டத்தின் தேவை வருகிறது. 1938ஆம் ஆண்டின் அமெரிக்கத் தொழில் சட்டம் மிகைநேர ஊதியத்தை வரையறுத்தது. ஆனால் ஊதியத்துடன் கூடிய விடுமுறை ஒரு நாளையேனும் தனியார் தொழிலாளர்க்கு அந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டம் இன்றுவரை உறுதிசெய்யவில்லை. பிள்ளை பெற்ற தாய்க்கு 1993ஆம் ஆண்டின் சட்டம் தருவது 12 வார விடுப்பு. அதுவும் ஊதியமின்றி; தனியார் துறையில் 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களில் மட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1993ஆம் ஆண்டின் நெறிமுறைப்படி ஆண்டுக்கு நான்கு வார ஊதிய விடுமுறையும், நாள்தோறும் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வும் உரிமைகள். பிரான்சில் 1936இல் லெயோன் புளூம் ஆட்சியில் இரண்டு வாரமாகத் தொடங்கியது, 1982இல் ஐந்து வாரமாயிற்று. அந்த முதல் கோடையில் மிதிவண்டியிலும் இரயிலிலும் புறப்பட்ட பாரீசுத் தொழிலாளர் பலர் கடலை அன்றுதான் முதன்முறையாகக் கண்டனர்.

‘அமெரிக்காவிலும் நல்ல நிறுவனங்கள் விடுமுறை தருகின்றனவே’ என்று கேட்பர். தருகின்றன. யாருக்கு? உயர்ந்த பதவியில் இருப்போர்க்கே மிகுதியாக. உணவகத்தில் தட்டுக் கழுவுவோரும் முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றுவோருமே பெரும்பாலும் அது இல்லாதவர்கள். இருப்போரிலும் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் தமக்குரிய விடுமுறையை முழுமையாக எடுப்பதில்லை என்று 2023ஆம் ஆண்டின் ஒரு கணிப்பு காட்டியது. பின்தங்கிவிடுவோம் என்ற அச்சமும் அதற்கொரு காரணம். மருத்துவக் காப்பீடு முதலாளி வழியாக வருவதால், வேலை போனால் மருத்துவமும் ஆட்டங்காணும். நம் பிள்ளைகளில் எச்1பி விசாவில் இருப்போர்க்கோ வேலை போனால் 60 நாள் தவணைதான். அதற்குள் வேறு வேலையோ வேறு அனுமதியோ தேடிக்கொள்ளாவிட்டால் பெட்டி கட்டவேண்டும். இந்நிலையில் இருக்கும் ஒருவன் ‘விரும்பியே’ இரவு பத்து மணிவரை உழைக்கிறான் என்று அவன் தந்தை நம்மிடம் பெருமை பேசுகிறார்.

நம் முன்னோர் சிங்கராயர் என்று தமிழாக்கிப் போற்றிய திருத்தந்தை 13ஆம் லியோ, இந்த ‘விருப்பம்’ என்னும் வாதத்தை 1891இலேயே அறுத்தெறிந்தார். ‘ரேரும் நொவாரும்’ என்னும் சுற்றுமடலில் அவர் கற்பிப்பது யாதெனில், ஆன்மாவுக்கும் உடலுக்கும் உரிய ஓய்வு ஒவ்வொரு தொழில் ஒப்பந்தத்திலும் சொல்லாமலே அடங்கியிருக்கும் நிபந்தனை. அதைக் கைவிடுமாறு கேட்க முதலாளிக்கு உரிமையில்லை, கைவிடுவதாக வாக்களிக்கத் தொழிலாளிக்கும் உரிமையில்லை. கடவுளுக்கும் தனக்கும் மனிதன் செலுத்த வேண்டிய கடமையை எவரும் கூலிக்கு விற்க இயலாது. எட்டு மணி நேர வேலைக்காகச் சிக்காகோவில் இரத்தம் சிந்தப்பட்டது 1886இல். அதன் நினைவாகவே உலகம் மே முதல் நாளைக் கொண்டாடுகிறது. திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1955இல் அந்நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவாக ஏற்படுத்தினார். அமெரிக்காவோ தன் தொழிலாளர் நாளைச் செப்டம்பருக்குத் தள்ளி வைத்திருக்கிறது. அதே சிக்காகோவில் 1955இல் பிறந்தவர், 2025 மே மாதம் திருத்தந்தையாகி, 13ஆம் லியோவின் அந்தச் சுற்றுமடலை நினைவுகூர்ந்தே 14ஆம் லியோ என்ற பெயரை ஏற்றார். அமெரிக்காவைப் போற்றும் நம்மவர் இந்த அமெரிக்கருக்கும் சற்றுச் செவிசாய்க்கலாம்.

புனித பவுல் தெசலோனிக்கருக்கு எழுதியதை நம்மிடமே எடுத்துக் காட்டுவோர் உண்டு: உழைக்க மனமில்லாதவன் உண்ணலாகாது என்றாரே என்று. அவர் கண்டித்தது வேலையே செய்யாது பிறர் காரியங்களில் தலையிட்டுத் திரிந்தவர்களை. உழைத்தவன் ஓய்வதை அன்று. அதைச் சோம்பல் என்றவன் விவிலியத்தில் ஒருவன் இருக்கிறான். விடுதலைப்பயண நூலின் 5ஆம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். பாலைநிலம் சென்று ஆண்டவருக்குப் பலி செலுத்த மூன்று நாள் விடுமாறு இஸ்ரயேலர் கேட்டபோது, அவர்களைச் சோம்பேறிகள் என்று வைது, வைக்கோலைக் கொடாமல் செங்கல் கணக்கை மட்டும் குறைக்காமல் கேட்டவன் பார்வோன். பின்னர் ஓய்வுநாள் கட்டளை வந்தபோது, இணைச்சட்டம் அதற்குக் கூறும் காரணம் எகிப்தின் அடிமைத்தனமே. வீட்டுத்தலைவனோடு அவன் அடிமையும் வேலைக்காரியும் மாடும் ஓயவேண்டும் என்கிறது. ஓய்வு வெற்றி பெற்றவனுக்குக் கிடைக்கும் பரிசாயின், மாட்டுக்கு அதில் பங்கு ஏது?

ஐரோப்பாவை நாம் புனிதமாக்கவில்லை. அங்குள்ளோரின் ஓய்வைத் தாங்கி நிற்பவருள் காய்கறிப் பண்ணைகளில் குனிந்து நிற்கும் ஆப்பிரிக்கரும், முதியோரைப் பேணும் கிழக்கு நாட்டுப் பெண்களும் உண்டு. ஞாயிறைக் காத்தவர்கள் அந்நாளுக்கு உரிய ஆண்டவரை மறந்தும் போனார்கள். ஆலயம் செல்வோர் விகிதம் அமெரிக்காவில்தான் கூடுதல். ஆயினும் பெர்லினில் நடந்ததைச் சொல்லவேண்டும். திருவருகைக்கால ஞாயிறுகள் நான்கிலும் கடைகளைத் திறக்க அந்நகரின் சட்டம் இடமளித்தபோது, கத்தோலிக்க மறைமாவட்டமும் புராட்டஸ்டாண்டு திருச்சபையும் வழக்குத் தொடுத்தன. 2009 டிசம்பர் முதல் நாள் ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் அவற்றின் பக்கம் தீர்ப்பளித்தது. ஞாயிறு ஓய்வுக்கும் உள்ளத்தின் உயர்வுக்கும் உரிய நாள் என்று 1919ஆம் ஆண்டின் வைமார் சாசனத்தில் எழுதப்பட்டது இன்னும் அவர்கள் சட்டத்தில் உயிரோடிருக்கிறது. நம்பிக்கை குன்றிய நகரமாயினும், கடைச் சிப்பந்தி தன் பிள்ளைகளோடு இருக்க அந்த ஞாயிறு உதவியது. உள்ளே விளக்கு மங்கிவிட்டது என்பதற்காகக் கூரையைப் பிரிப்பார் உண்டோ?

வாழ்வின் அளவையும் சொல்லிவிடுவோம். மருத்துவத்துக்காக நாட்டு வருவாயில் 17 விழுக்காட்டுக்கு மேல் செலவிடும் அமெரிக்காவில் 2023இல் சராசரி ஆயுள் 78 ஆண்டுகளைச் சற்றே தாண்டியது. பிரான்சில் ஏறத்தாழ 83. வேறு காரணங்களும் உண்டு என்பது உண்மையே. ஆயினும் தற்கொலையாலும் போதையாலும் குடியாலும் நடுவயதில் மாய்ந்த அமெரிக்கப் பாட்டாளி மக்களைப் பற்றி ஆங்கஸ் டீட்டனும் ஆன் கேசும் 2015 முதல் எழுதியதைப் படித்தவர்கள், அமெரிக்க உயர்வைப் பற்றிச் சற்று மெல்லப் பேசுவார்கள்.

இவையெல்லாம் கடலுக்கு அப்பால் நடப்பவை என்று எண்ணவேண்டாம். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டப்பேரவையில், தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் தோழமைக் கட்சிகளும் எதிர்த்ததால் மூன்றே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டு, மே முதல் நாளில் திரும்பப் பெறப்பட்டது. ‘அமெரிக்காவைப் போல் முன்னேற வேண்டாமா?’ என்று அன்று ஆலய முற்றத்தில் அதற்காகப் பரிந்து பேசியவர்கள் இருந்தார்கள். அவர்களுள் ஒருவரும் ஆலைக்குச் செல்பவர் அல்லர். ஆலைப் பேருந்துக்காக விடியற்காலையில் சாலையோரம் காத்து நிற்கும் நம் பங்கின் பெண்கள், அந்த ஞாயிறும் வேலை இருந்ததால் திருப்பலிக்கு வந்திருக்கவில்லை.