குப்பை மேடா, ஹிரோஷிமாவா?



அறிவியல் கண்காட்சி என்றாலே ஒரு எரிமலை, ஒரு சோலார் வீடு, அப்புறம் நிச்சயமா ஒரு ஹிரோஷிமா மாடல் இருக்கும். தெர்மாகோலை உடைத்துப் போட்டு, கறுப்பு பெயின்ட் அடித்து, பஞ்சில் காளான் புகை செய்து, பக்கத்தில் ஒரு பீரங்கி வண்டியை நிறுத்திவிட்டால் போர் வந்துவிட்டதாம்! பார்க்கிறவங்களும் "சூப்பர்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது ஹிரோஷிமா இல்லை, வெறும் குப்பை மேடு. இடிந்த ஊரைச் செய்ய வேண்டுமானால், அது எப்படி இடிந்தது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லோரும் செய்கிற அந்தக் குவிமாடக் கட்டடத்தையே எடுத்துக்கொள்வோம். யான் லெட்செல் என்ற செக் நாட்டுக்காரர் வடிவமைத்தது. 1915-இல் கட்டி முடிக்கப்பட்டது. அந்தப் பகுதியில் தயாரான பொருட்களை மக்கள் பார்வைக்கு வைத்த மண்டபம் அது. அதாவது, அதுவே ஒரு கண்காட்சிக் கூடம்தான்!

1945 ஆகஸ்ட் 6, காலை 8.15 மணி. அணுகுண்டு தரையில் விழுந்து வெடிக்கவில்லை. சுமார் 600 மீட்டர் உயரத்தில், இந்தக் கட்டடத்திலிருந்து பக்கவாட்டில் 160 மீட்டர் தள்ளி, ஆகாயத்திலேயே வெடித்தது. அதனால் தரையில் குண்டுக்குழி கிடையாது. மாடலின் நடுவில் பெரிய பள்ளம் தோண்டி வைத்தால் அது தப்பு.

வெடிப்பின் வேகம் கிட்டத்தட்ட நேர் மேலேயிருந்து இறங்கியதால், செங்குத்தாக நின்ற சுவர்களில் ஒரு பகுதி தப்பியது. குவிமாடத்தின் மேல் இருந்த செப்புத் தகடு போய், இரும்புச் சட்டம் மட்டும் எலும்புக்கூடு மாதிரி நின்றது. ஆனால் உள்ளே இருந்த மனிதர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. சுற்றியிருந்தவை பெரும்பாலும் மர வீடுகள். அவை சரிந்தன, பிறகு தீப்பிடித்துச் சாம்பலாயின. எனவே சுற்றிலும் செங்கல்லை மலை மாதிரி குவிக்கக் கூடாது. தட்டையான சாம்பல் வெளி, உடைந்த ஓடுகள், கருகிய கட்டைகள், அவ்வளவுதான். அடுப்புச் சாம்பலும் கரித்தூளும் ஃபெவிகாலும் இருந்தால் போதும், செலவே இல்லை. பீரங்கி வண்டி எதற்கு? அன்று காலை அங்கே தெருச்சண்டை எதுவும் நடக்கவில்லையே!

"ரெண்டு நாள் கண்காட்சி, மூணாம் நாள் குப்பைத் தொட்டி. இதுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று சிலர் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். ஆனால் 1945 முடிவதற்குள் அந்தக் குண்டால் இறந்தவர்கள் சுமார் 1,40,000 பேர். அவர்கள் ஊரைச் செய்கிறோம் என்று பெயர் வைத்துவிட்டு, மனம் போன போக்கில் உடைத்துப் போடுவது சரியா?

இன்னொரு கேள்வி. மாடலில் மனித பொம்மைகள் வைக்கலாமா? சிவப்பு பெயின்ட் ஊற்றிய பொம்மைகளைத்தான் எல்லோரும் நின்று பார்க்கிறார்கள். ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்திலேயே, தீக்காயங்களோடு நடந்து வரும் ஆளுயர பொம்மைகள் பல வருடங்கள் இருந்தன. 2017-இல் அவற்றை எடுத்துவிட்டார்கள். எடுக்கக் கூடாது என்று பலர் எதிர்த்தார்கள். பொம்மையைப் பார்த்தால்தான் சின்னப் பிள்ளைகளுக்குப் புரியும் என்பது அவர்கள் வாதம். ஆனால் இறந்தவர்கள் உண்மையில் வைத்திருந்த பொருட்களைக் காட்டுவதே சிறந்தது என்று அருங்காட்சியகம் முடிவு செய்தது.

நான் அருங்காட்சியகத்தின் பக்கம்தான். அங்கே கருகிய சாப்பாட்டோடு ஒரு டிபன் பாக்ஸ் இருக்கிறது. அது ஒரு மாணவனுடையது. தீ பரவாமல் தடுக்க வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்கும் வேலைக்காக, 12, 13 வயது மாணவர்களை ஆயிரக்கணக்கில் அன்று நகருக்குள் அழைத்து வந்திருந்தார்கள். நம்ம ஏழாவது, எட்டாவது படிக்கிற பசங்க வயசு! சிவப்பு பெயின்ட்டைப் பார்த்தால் "ஐயோ" என்போம், மறந்துவிடுவோம். அந்த டிபன் பாக்ஸை நினைத்துவிட்டு நம் டிபன் பாக்ஸைத் திறந்தால், சோறு இறங்குமா?

அதனால் அடுத்த கண்காட்சிக்கு என் யோசனை இது. 1:100 அளவில் செய்வோம். 25 மீட்டர் கட்டடம் 25 சென்டிமீட்டர் ஆகிவிடும். குண்டு வெடித்த இடம் 6 மீட்டர் உயரம், அதாவது ஒரு மாடி வீட்டின் மொட்டைமாடி உயரம். அங்கிருந்து ஒரு சிவப்புப் பந்தைக் கயிற்றில் தொங்கவிடுவோம். பந்துக்கு நேர் கீழே இருந்து 1.6 மீட்டர் தள்ளி மாடலை வைப்போம். வெடிப்பின் மையத்திலிருந்து 2 கிலோமீட்டர் வரை கிட்டத்தட்ட எல்லாமே இடிந்து எரிந்தன. அது 20 மீட்டர் ஆகும். விளையாட்டு மைதானத்தில் அந்த அளவுக்குச் சுண்ணாம்பில் ஒரு வட்டம் போடுவோம். பார்க்க வருகிறவர்கள் அந்த வட்டத்துக்குள் நடந்துதான் மாடலுக்கு வர வேண்டும். பக்கத்தில், 1945-க்கு முன்னால் அந்தக் கட்டடம் முழுசாக இருந்த படத்தையும் மாட்டுவோம். எதை இழந்தார்கள் என்று தெரிய வேண்டாமா?

பரிசு தரும் நடுவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: புகைக்கும் நெருப்புக்கும் மார்க் போடாதீர்கள். "இந்தச் சுவர் ஏன் நிற்கிறது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்கிறவர்களுக்குப் பரிசு கொடுங்கள்.

நண்பர்களே, பழைய செங்கல் தூளும் சாம்பலும் இப்போதே சேர்க்கத் தொடங்குவோமா?

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்